கரண்டை முதல் முழங்கால் வரை

ஒளுவின்போது கால்களைக் கரண்டை வரை கழுவ வேண்டும் என்பது தொழுகையாளர் அனைவரும் அறிந்த விதி. ஆனால் கரண்டை என்பது எது? திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம், ஆறாம் வசனத்தில் வரும் ‘கஅபைன்’ என்ற சொல்லைக் குறித்து மார்க்க அறிஞர்கள் நெடிது ஆராய்ந்துள்ளனர். பாதத்தின் இருபுறமும் புடைத்து நிற்கும் எலும்புகளே அவை என்பது நான்கு மத்ஹபுகளின் ஏற்புடைய கருத்து. பாதத்தின் மேற்புறத்து மேட்டையே அது குறிக்கும் என்பது ஷீஆ சட்ட அறிஞர் பலரின் கருத்து. சட்ட வினா ஒன்றுக்கு விடை தேட, எலும்பைத் தொட்டுப் பார்க்கும் நிலை அன்றே ஏற்பட்டது.

கரண்டையின் உட்புறப் புடைப்பும் வெளிப்புறப் புடைப்பும் ஒரே எலும்பின் இரு முனைகள் அல்ல. உட்புறம் இருப்பது டிபியா என்னும் பெரிய எலும்பின் கீழ்முனை. வெளிப்புறம் இருப்பது ஃபிபுலா என்னும் மெல்லிய எலும்பின் கீழ்முனை. விரலால் தடவினால் வெளிப்புடைப்பு சற்றுத் தாழ்ந்திருப்பது புலப்படும். இவ்விரண்டும் சேர்ந்து, தச்சர் மரத்தில் வெட்டும் பொருத்துப்போலக் குதிகாலுக்கு மேலுள்ள எலும்பைக் கவ்விப் பிடித்துள்ளன. நடையின் உறுதி இக்கவ்வலில்தான் இருக்கிறது.

இப்னு சீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில் கணைக்கால் இரண்டு எலும்புகளால் ஆனதென விளக்கி, அவற்றைப் பெரிய ‘கஸபா’, சிறிய ‘கஸபா’ என்று வழங்கினார். கஸபா என்றால் நாணற்குழல். இலத்தீன் மொழியிலும் டிபியா என்பது ஊதுகுழலையே குறிக்கும். ஃபிபுலா என்பதோ ஆடையைச் செருகும் ஊசி. தமிழர் பார்வை எலும்பில் நில்லாமல் சதையில் நின்றது. பின்புறத் தசைத் திரட்சியைக் கெண்டை மீனாகக் கண்டு கெண்டைக்கால் என்றனர். அதன் உள்ளே கிடக்கும் சோலியஸ் என்னும் தசையை மேலை மருத்துவர் பெயரிட்டபோது, அதே சொல் அவர்களிடம் செருப்பின் அடியையும் ஒரு தட்டை மீனையும் குறித்தது. தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே இடத்தில் மீனைக் கண்டது வியப்பே.

சிறிய எலும்பு முழங்கால் மூட்டை எட்டுவதில்லை. உடல் எடையில் மிகச் சிறு பங்கையே அது தாங்குகிறது. எனினும் அது வீணன்று. பல தசைகளுக்கு அதுவே பற்றுகோல். வாய்ப்புற்று நோயால் தாடையை இழந்தவர்க்கு, அவ்வெலும்பின் ஒரு பகுதியை அதன் இரத்தக் குழாயோடு எடுத்துப் புதுத் தாடை அமைக்கும் முறை 1989 முதல் வளர்ந்து வந்துள்ளது. அந்தத் தாடையைப் பற்றியே முன்பொரு தவறு நிலவியது. அது இரு எலும்புகளால் ஆனதென்று காலென் எழுதியதை நூற்றாண்டுகள் நம்பின. 1200–1202 ஆண்டுகளின் கொடும்பஞ்சத்தின்போது எகிப்தில் குவிந்து கிடந்த எலும்புகளை நேரிற் பார்த்த அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி, அது ஒரே எலும்பென்று அறிவித்தார். நூலைவிடக் கண் கூர்மையான சான்று என்பது அவர் விட்டுச் சென்ற பாடம்.

கணைக்காலின் தசைகள் தாறுமாறாகக் கிடப்பன அல்ல. உறுதியான சவ்வுச் சுவர்கள் அவற்றை நான்கு அறைகளாகப் பிரிக்கின்றன. முன்னறைத் தசைகள் பாதத்தை மேல்நோக்கித் தூக்குகின்றன. பக்கவறைத் தசைகள் பாதத்தை வெளிப்புறமாகத் திருப்புகின்றன. பின்புற மேலறையில் கெண்டைத் தசைகள் உள்ளன. குதிநாண் வழியாகக் குதிகாலை உயர்த்துவன அவையே. பின்புற ஆழறையில் விரல்களை மடக்கும் தசைகளும், பாதத்துக்குச் செல்லும் முதன்மை நாடியும் நரம்பும் உள்ளன. தொழுகையின் இருப்பில் இடப்பாதம் நீண்டு மடிந்து கிடக்க, வலப்பாதம் விரல்களை மடக்கி ஊன்றி நிற்கும். ஒரே நேரத்தில் ஒரு காலின் முன்னறையும் மற்றக் காலின் பின்னறையும் இழுபடும் நிலை அது.

இவ்வளவும் ஏட்டறிவாகத் தோன்றலாம். வைப்பாற்றங்கரைச் சாத்தூருக்கு வந்து பார்த்தால் அது வாழ்க்கை வினாவாகிறது. 1920களில் சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழில், சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் மானாவாரி நிலம் கைவிட்ட குடும்பங்களுக்குச் சோறிட்டது. ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என மக்கள் சொல்லும் அக்கூடங்களில் பெண்கள் தரையில் சம்மணமிட்டோ குத்துக்காலிட்டோ அமர்ந்து குச்சி அடுக்கினர்; பெட்டி ஒட்டினர். இயந்திரங்கள் வந்து அவ்வேலையில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட பின்னும், பட்டாசுத் தொழிலில் தரையில் அமர்ந்து செய்யும் கைவேலை நீடிக்கிறது.

நீண்ட நேரம் அவ்வாறு அமர்வது கணைக்காலின் இரு பலவீனங்களைத் தொடுகிறது. முதலாவது நரம்பு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகே செல்கிறது. குத்துக்காலிலும் சம்மணத்திலும் அது அழுந்துகிறது. கால் மரத்துப்போவது அதன் முதல் குரல். அக்குரலை நாள்தோறும் புறக்கணித்தால் முன்னறைத் தசைகள் வலுவிழந்து, பாதம் தூக்க முடியாமல் தொங்கும். நடக்கும்போது கால்விரல் தரையில் இடறும். மேலைநாட்டில் குந்தியிருந்து பழம் பறிக்கும் பண்ணைத் தொழிலாளரிடமும் இதே கேட்டை மருத்துவர்கள் கண்டுள்ளனர்.

இரண்டாவது இரத்தம். பாதத்திலிருந்து இதயத்துக்கு இரத்தத்தை மேலேற்றுவது கெண்டைத் தசையின் சுருக்கமே. அசையாது நிற்பவரின் கரண்டை அருகே சிரையின் அழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர். நடக்கத் தொடங்கியதும் அது 30க்கும் கீழே இறங்குகிறது. தசை பிழிகிறது, சிரையின் உள்ளிருக்கும் தடுக்கிதழ்கள் இரத்தம் கீழிறங்காமல் காக்கின்றன. அசைவற்ற காலில் இந்த விசைக்குழாய் உறங்குகிறது. கால்வீக்கம், சிரைப்புடைப்பு, உட்கரண்டைக்கு மேலே தோன்றும் ஆறாத புண் ஆகியன அதன் விளைவுகளாகலாம். உட்கரண்டைக்கு முன்னே ஏறிச் செல்லும் நீண்ட சிரைக்கு மருத்துவ உலகம் வழங்கும் ‘சஃபீனா’ என்னும் பெயர், அரபு மருத்துவரின் ‘ஸாஃபின்’ என்ற சொல்வழி வந்தது என்பர்.

இவ்வட்டாரத்தில் தீயின் அச்சமும் உண்டு. 2012 செப்டம்பர் 5இல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நிகழ்ந்த விபத்தில் இருபது பேரளவில் உயிரிழந்தனர். இறந்தோரை எண்ணுகிறோம்; உயிர்தப்பியோரின் உறுப்புகளை எண்ணுவதில்லை.

கணைக்காலின் முன்புறத்தில் எலும்புக்கும் தோலுக்கும் இடையே தசை இல்லை. முட்டிக்கொண்டால் உயிர் போவதுபோல் வலிப்பதும், அங்கு ஏற்படும் ஆழ்ந்த காயம் மெல்ல ஆறுவதும் இதனால்தான். காலைச் சுற்றி முழு வட்டமாகத் தீப்பட்டால் வேறோர் ஆபத்து உண்டு. வெந்த தோல் தோற்பட்டையாக இறுகும். உள்ளே வீக்கம் பெருகும். நான்கு அறைகளின் சவ்வுச் சுவர்களும் விரிந்து கொடுப்பதில்லை. அழுத்தம் ஏறி இரத்தவோட்டம் நின்றால், ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் தசை மீளா அழிவை நோக்கிச் செல்லும். இறுகிய தோலையோ சவ்வையோ அறுவை மருத்துவர் நெடுகக் கீறி விடுவித்தாலன்றிக் காலைக் காக்க இயலாது. எலும்பு முறிவாலும் நசுங்கலாலும் இதே நிலை நேரலாம். நாடித்துடிப்பு இருப்பதால் ஆபத்தில்லை என்று கொள்ளலாகாது. துடிப்பு இருக்கும்போதே தசை மடியக்கூடும். காயத்தின் அளவுக்கு மிஞ்சிய வலி, கால்விரலை மெல்ல அசைத்தாலே பொறுக்க முடியாத வேதனை, கல்லாய் இறுகிய கெண்டை, மரத்துப்போதல் ஆகியவையே அறிகுறிகள்.

எனவே தீப்பட்ட காலுக்குச் செய்ய வேண்டியவை சில. ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும், பனிக்கட்டி வேண்டாம். கொலுசையும் மெட்டியையும் வீக்கம் தொடங்குமுன் கழற்றிவிட வேண்டும்; பின்னர் அவையே சுருக்குக் கயிறாகும். மையோ பற்பசையோ மாவோ பூசாமல், தூய துணியைத் தளர்வாகப் போர்த்தி, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நாள்தோறும் செய்யத்தக்கதோ இன்னும் எளிது. அமர்ந்து உழைப்பவர் இடையிடையே எழுந்து சில அடிகள் நடக்கட்டும். எழ இயலாதபோது பாதத்தை மேலும் கீழும் அசைக்கட்டும். இது சோம்பல் அன்று என்பதை வேலை வாங்குவோர் உணர வேண்டும். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம் என்று இறைவணக்கத்திலேயே உடலின் இயலாமைக்கு இடம் தந்துள்ளது மார்க்கம். பணிக்கூடம் அதனினும் கடுமையாக இருக்க நியாயம் ஏது? கால் மரத்துப்போகிறது என்று ஒரு பெண் சொன்னால், அது பழகிவிடும் என்று அவளுக்கு மறுமொழி சொல்லாதிருப்போம். நரம்பு பழகுவதில்லை, அது வாடுகிறது.