முதல் அறிவிப்பு



எண்ணூர்ப் பகுதி ஜனங்கள் ஆலைகள் சொல்லும் எதையும் ஏன் நம்ப மறுக்கிறார்கள் என்று வெளியூர்ச் சபையார் நம்மிடம் கேட்பதுண்டு. படிப்பறிவுக் குறைவு என்பது சிலருடைய எண்ணம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. நடந்தவற்றைப் பாருங்கள்.

2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு ஏதும் இல்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிவிப்பு. ஓரிரு நாளில் எர்ணாவூர்க் கரையில் கருங்குழம்பு ஒதுங்கியது. மீனவரும் தொண்டரும் அதை வாளிகளில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, மணலியிலுள்ள சென்னை பெட்ரோலியம் நிறுவனம் தன் குழாய்களில் கசிவில்லை என்று முதலில் மறுத்தது. எண்ணெய் அதன் வளாகத்திலிருந்தே வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறகு கூறியது.

அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் ஜனங்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். குறுகிய நேரத்தில் நிலைமை சீராக்கப்பட்டது, உள்ளூர்வாசிகள் சிலருக்கு அசௌகரியம் ஏற்பட்டது என்பதாக நிறுவனத்தின் அறிக்கை அமைந்திருந்தது.

அசௌகரியம்! அந்த அறிக்கையின் ஒவ்வொரு வரியையும் ஒரு வக்கீல் காப்பாற்றிவிடலாம். ஓடின தாய்க்கு அது பொய்யாகவே படும். நோயாளியின் படுக்கையருகே நாமும் கண்டிருக்கிறோம்: கெட்ட செய்தியை உறவினர் தாங்கிக்கொள்வார்கள், அதைச் சிறிதாக்கிச் சொன்னதை மறக்கமாட்டார்கள்.

இது வெறும் மனவருத்தத்தோடு முடிவதில்லை. அம்மோனியா நீரில் எளிதாய்க் கரையும். ஆகவே ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுவது ஓரளவு உதவும். காற்றின் திசையறிந்து விலகுவதா, கதவடைத்து உள்ளே இருப்பதா என்பதை விவரம் தெரிந்த ஒருவர் சொல்லவேண்டும். சொல்பவர்மேல் நம்பிக்கை இல்லாத ஜனம் சரியான சொல்லையும் கேளாமல், வாயு வீசும் பக்கமே ஓடக்கூடும்.

1982இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில், டைலெனால் மாத்திரைகளில் யாரோ சயனைடு கலந்ததால் ஏழு பேர் மாண்டனர். தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன்மேல் குற்றமில்லை. ஆனாலும் அது மாத்திரையை உட்கொள்ளவேண்டாம் என்று நாடெங்கும் அறிவித்து, சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. பெருநஷ்டம்தான். ஆனால் ஜனங்கள் அந்த மருந்தை மறுபடியும் வாங்கினார்கள்.

நம் நாட்டிலும், 1984 போபால் துயரத்துக்குப்பின் வந்த 1989ஆம் ஆண்டு அபாய இரசாயன விதிகள், பெருவிபத்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்தின் தன்மையையும், செய்யவேண்டியது செய்யக்கூடாதது இன்னதென்பதையும் முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்லுகின்றன. கசிவு நேர்ந்த பிறகு பத்திரிகைகளுக்குக் கொடுக்கும் குறிப்பு இதற்கு ஈடாகாது.

பெரியகுப்பத்தார் ஆலைக்கு எதிரே பந்தல் போட்டு நூறு நாட்களுக்கு மேல் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது இன்னொரு உறுதிமொழியை அல்ல, ஆலையை நிரந்தரமாய் மூடுவதையே.