கயிறு சொன்ன கணக்கு

சென்னையின் பழைய வீடுகளில் கிணறு எங்கே என்று கேட்கவே வேண்டாம். பின்கட்டில், துவைக்கிற கல்லுக்கும் சமையலறை வாசலுக்கும் நடுவில் இருக்கும். உறை இறக்கிய கிணறு. மேலே ராட்டினம், அதில் தாம்புக்கயிறு, நுனியில் வாளி. வாளி அறுந்து உள்ளே விழுந்துவிட்டால் எடுப்பதற்குப் பாதாளக் கொலுசு என்று ஒரு கொக்கிக் கொத்து உண்டு. தெருவுக்கு ஒரு வீட்டில்தான் அது இருக்கும். இரவல் வாங்கி வந்து, கிணற்றுக்குள் துழாவி, வாளியை மீட்டு, திருப்பிக் கொடுப்பார்கள்.

அந்தக் கயிறு தண்ணீர் இறைத்ததோடு நிற்கவில்லை, கணக்கும் சொன்னது. மார்கழியில் நாலு முழம் விட்டால் வாளி தண்ணீரைத் தொடும். சித்திரை பிறந்தால் அதே வாளிக்குப் பத்து முழம், பன்னிரண்டு முழம் விட வேண்டும். பழைய கயிறு எட்டாமல் இன்னொரு துண்டை முடிந்து நீட்டுவார்கள். இறைக்கிற கைக்கு இதெல்லாம் தெரியும். அது பெரும்பாலும் பெண்ணின் கை. “கிணத்துல தண்ணி இறங்கிடுச்சு” என்று வீட்டில் முதலில் சொல்வதும் அவள்தான். சொன்ன அன்றிலிருந்தே செலவு குறையும். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போகும். தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்ததும் ஆளை இறக்கித் தூர் வாருவார்கள்.

அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. எல்லாக் கிணறும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. சாதி பார்த்து விலக்கிய கிணறுகள் இந்த மண்ணில் ஏராளம். தண்ணீர் வழியாகவே காலராவும் வந்தது. கீழ்ப்பாக்கத்தில் 1914-ல் மணல் வடிகட்டிகளோடு குடிநீர் நிலையம் வந்ததும், வடிகட்டிய நீர் குழாய் வழியே வரத் தொடங்கியதும் மக்களுக்குப் பெரிய விடுதலை. குழாய் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. எத்தனையோ பெண்களின் இடுப்பிலிருந்து குடத்தை இறக்கி வைத்தது. திரும்பவும் எல்லாரும் கயிறு இழுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கயிறு போனபோது கணக்கும் போய்விட்டதே, அதுதான் என் கவலை.

நகரம் வளர வளரத் தண்ணீர் தூரமாகிக்கொண்டே போனது. முதலில் செங்குன்றம் ஏரி. பிறகு, சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது அடிக்கல் நாட்டி 1944-ல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கம். 1996-ல் ஆந்திரத்திலிருந்து கிருஷ்ணா நீர், 2004-ல் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வீராணம் நீர். அதுவும் போதாமல் 2010-ல் மீஞ்சூரிலும் 2013-ல் நெம்மேலியிலும் கடல்நீரையே குடிநீராக்கும் ஆலைகள். இதே காலத்தில் ஊருக்குள்ளேயே இருந்த ஏரிகளைத் தூர்த்து மனை போட்டோம். மாம்பலத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் பக்கத்தில் விரிந்து கிடந்த நெடிய ஏரியின் மேல்தான் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது.

வீட்டுக்குள் நடந்த மாற்றம் சத்தமில்லாதது. கிணற்றுக்குப் பதில் அடிபம்பு வந்தது. அடிபம்புக்குப் பதில் போர்வெல். கிணற்றைச் சிமென்ட் பலகையால் மூடி மேலே ஸ்கூட்டர் நிறுத்தினார்கள். பல வீடுகளில் குப்பையும் இடிபாடும் கொட்டி மூடியே விட்டார்கள். இன்று அடுக்குமாடியில் தண்ணீர் என்றால் ஒரு சுவிட்ச். மோட்டாரைப் போட்டால் மேல்நிலைத் தொட்டி நிரம்பும், நிரம்பியதும் அலாரம் அடிக்கும். நிலத்தடியில் மட்டம் இறங்குவதற்கு எந்த அலாரமும் கிடையாது. மோட்டார் காற்றை இழுக்கும் நாள்தான் செய்தி. அன்றைக்கு லாரிக்குப் போன் செய்வோம். குடிக்கத் தனியாக இருபது லிட்டர் கேன். லாரித் தண்ணீர் எந்த ஊர்க் கிணற்றில் எடுத்தது, அந்த ஊரில் மட்டம் எவ்வளவு இறங்கியது என்று யாரும் கேட்பதில்லை.

பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இந்த அறியாமைக்கு விலை அதிகம். அங்கே மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. ஆழத்தில் குழாய் இறக்கி உறிஞ்சினால் கடல் உள்ளே வரும். வந்த உப்பை விரட்டப் பல மழைக்காலங்கள் வேண்டும்.

2015 டிசம்பரில் இந்நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியின் தரை வெடித்துக் கிடந்தது. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்து இறங்கியது. இடையில் நாலு வருடம்கூட முழுதாக இல்லை. வானம் நமக்குக் குறை வைக்கவில்லை. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் விழுவது மட்டும் ஏறத்தாழ 1,30,000 லிட்டர். சிந்தியது, ஆவியானது போக ஒரு லட்சம் லிட்டராவது பிடிக்கலாம். 12,000 லிட்டர் லாரி எட்டு லோடு.

பெசன்ட் நகரில் தொண்ணூறுகளிலேயே வீடு வீடாகப் போய் இந்த மழைநீரைப் பிடிக்கச் சொன்னவர் மழைநீர் சேகரிப்பு ஆர்வலர் சேகர் ராகவன். 2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அடுத்து வந்த மழைகளில் பல பகுதிகளில் கிணறுகளில் மட்டம் ஏறியது, உப்பு குறைந்தது. ஆனால் பேருக்குத் தோண்டிய குழிகளும் நிறைய இருந்தன. ஒழுங்காகக் கட்டியவற்றிலும் பலவற்றை அதன் பிறகு யாரும் திறந்து பார்க்கவே இல்லை. குழியில் நிரப்பிய ஜல்லியின் இடுக்கில் சேறு அடைத்துக்கொண்டால் குழிக்குள் தண்ணீர் இறங்காது. வழிந்து தெருவுக்குப் போய், மழைநீர் வடிகாலில் சேர்ந்து, கடலுக்குப் போகும்.

வீட்டில் பழைய கிணறு இருந்தால் அதைவிட நல்ல சேமிப்பு இடம் இல்லை. மூடியைத் திறந்து, குப்பையை எடுத்து, தூர் வாரி, மாடிக் குழாயை ஒரு சிறிய வடிகட்டித் தொட்டி வழியாக அதற்குள் விடலாம். அடியில் கருங்கல் ஜல்லி, அதன் மேல் கூழாங்கல், மேலே மணல், அவ்வளவுதான் வடிகட்டி. கழிவுநீர்க் குழாய் எதுவும் அதன் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் மழை மாடியின் தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும் என்பதால் அதை வெளியே திருப்பிவிட ஒரு வால்வு வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, செலவே இல்லாதது. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, மாதம் ஒருமுறை கிணற்றில் இறக்கிப் பாருங்கள். தண்ணீர் எத்தனையாவது முடிச்சில் இருக்கிறது என்பதை மாதக் காலண்டரில் குறித்து, அடுக்குமாடி என்றால் லிப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். பார்க்கிறவர்கள் எந்தக் கூட்டமும் போடாமலே மோட்டார் நேரத்தைக் குறைப்பார்கள். தூர் வாரவும் ஜல்லி மாற்றவும் புரட்டாசி முதல் வாரத்துக்குள் ஆள் சொல்லிவிடுங்கள். ஐப்பசியில் அவர்கள் கிடைக்கமாட்டார்கள். கிடைத்தாலும் கிணற்றில் இறங்க மழை விடாது.