நம் தலைக்கு மேல் ஒரு வீடு

கோலசிலாங்கூர் என்றதும் கம்போங் குவாந்தான் மின்மினிகள்தாம் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். நல்ல இருட்டு இருப்பதால்தான் அவை அழகு. அதே இருட்டில், தோட்டத் திடலில் நின்று அண்ணாந்து பாருங்கள். அனைத்துலக விண்வெளி நிலையம் கடந்து போவதை வெறுங்கண்ணாலேயே காணலாம்.

சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை அது உலகைச் சுற்றுகிறது. நாம் காண்பது அதன் விளக்கையன்று. அதன்மேல் படும் வெயிலை. நமக்குப் பொழுது சாய்ந்த பின்னும் அந்த உயரத்தில் வெயில் அடிக்கும். ஆகவே இருட்டிய சற்று நேரமும், விடியுமுன் பெரட்டு வேளையும் ஏற்றவை. மினுக்கி மினுக்கிப் போனால் விமானம். மினுக்காமல், சத்தமின்றி மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்தால் அதுவே நிலையம். நடுவானில் சட்டென மறைந்தால், பூமியின் நிழலுக்குள் புகுந்துவிட்டது என்று பொருள்.

கடக்கும் நேரத்தை நாசா முன்கூட்டியே அறிவிக்கிறது; கைப்பேசியில் பார்க்கலாம். படம் பிடிக்க விரும்புவோர் கேமராவை முக்காலியில் பொருத்தி, 20 அல்லது 30 வினாடி திறந்து வைத்தால் வெள்ளிக்கோடு போலப் பதியும்.

2000 நவம்பர் முதல் அங்கு மனிதர் குடியிருக்கின்றனர். 2007 அக்டோபரில் நம் மலேசியர், டாக்டர் ஷேக் முசாபார் ஷுக்கோர், அங்கே தங்கித் திரும்பினார்.

பெற்றோர்களே! 2030க்குப் பின் அதைக் கடலில் இறக்கத் திட்டமிட்டுள்ளனர். அதற்குள் ஒரு மாலை, பிள்ளைகளை வாசலுக்கு அழைத்து வாருங்கள்.