உஷார்! பரீட்சையை மாற்றினால் தகுதியும் மாறும்

ஜேஇஇ மெயின் ஜனவரித் தேர்வின் முடிவு பிப்ரவரியில் வந்துவிடும். நீட் விண்ணப்பமும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் திறக்கும். உடனே போடியிலும் பொட்டிபுரம், சிலமலை பக்கமும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு: "இது ஒத்துவராது, அதுக்கு மாத்திடலாமா?" பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் இதே பேச்சு ஜூனில். மாற்றலாம், தப்பில்லை. ஆனால் பரீட்சையோடு சேர்ந்து வேறு என்னென்ன மாறுகிறது என்று பார்க்காமல் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் முதல் ஆபத்து டி.சி. பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தால் போதும், "பிளஸ் ஒன்னோடு நீட் கோச்சிங்கும் தருகிறோம்" என்று வீடு தேடி ஆள் வந்துவிடும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டத்துக்கும் வந்தது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம் அரசின் பொறுப்பு. நிபந்தனை, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. (கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு.) நம் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் கணக்கில் உண்டு, அரசு உதவிபெறும் பள்ளி கிடையாது. இந்தக் கடைசி வரியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ சேர்த்தால் ஒதுக்கீடு அதோடு போயிற்று. வீடு தேடி வந்தவர் இதைச் சொல்லமாட்டார்.

இரண்டாவது ஆபத்து மலைக்கு அந்தப் பக்கம். ஏலத்தோட்ட வேலைக்காகப் போடிமெட்டு தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜாக்காடு பக்கம் தங்கிப் பிள்ளைகளை அங்கேயே படிக்கவைப்பது நமக்குப் பழக்கம்தான். இப்போது பாலாவில் நுழைவுத்தேர்வுக் கோச்சிங் நன்றாக இருக்கிறது என்று, பிளஸ் டூவையும் கேரளத்துக்கு மாற்றிவிடும் யோசனை வந்திருக்கிறது. ஜேஇஇ வழியாக என்.ஐ.டி.க்குப் போகிறவருக்குச் சொந்த மாநிலம் என்றால் பிறந்த ஊரும் ரேஷன் கார்டும் இல்லை, பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய மாநிலம். திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடம் தமிழ்நாட்டுக்கு. சாந்தன்பாறையில் பிளஸ் டூ எழுதிய போடிப் பிள்ளைக்கு அந்தப் பாதி இல்லை, கோழிக்கோட்டில்தான் உண்டு. அது தெரிந்தே போனால் சரி. ஆனால் அடுத்த வருடமே நீட்டுக்கு மாறினால், தமிழ்நாட்டு ஒதுக்கீட்டைக் கேட்க இருப்பிடச் சான்று, பெற்றோர் சான்று என்று தாலுகா ஆபீஸுக்கு அலைய வேண்டும். இங்கே வாங்கிய சாதிச் சான்றைக் காட்டிக் கேரளத்து மாநில ஒதுக்கீட்டில் இடம் கேட்கவும் முடியாது.

கேரளப் பொறியியல் நுழைவுத்தேர்வான கீம் இருக்கிறதே என்பவர்களுக்கு 2025 ஜூலையை நினைவூட்டுகிறேன். முடிவு வெளியான பிறகு உயர் நீதிமன்றம் ரேங்க் பட்டியலை ரத்து செய்தது. மதிப்பெண் கணக்கிடும் முறையைக் கடைசி நேரத்தில் மாற்றியது செல்லாது என்றது. புதுப் பட்டியலில் கேரள மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் பலர் கீழே இறங்கினார்கள்.

குரூப் விஷயம் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துத்தான் கோட்டை விடுகிறோம். கணிதம் இல்லாமல் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு இல்லை, உயிரியல் இல்லாமல் நீட் இல்லை. பிள்ளை இன்னும் முடிவெடுக்கவில்லை என்றால் பயோ மேத்ஸ். அதிலும் ஒரு பள்ளம் உண்டு. டிசம்பரில் நீட்டுக்கு மாறியவர் கணிதப் புத்தகத்தை மூடிவிடுகிறார். நம் மாநிலத்தில் 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வே கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்-ஆஃப், அவ்வளவுதான். போடியில் 2012 முதல் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே சேரவேண்டிய மார்க்கை நீட் ஆசையில் தொலைத்துவிட்டு வீட்டில் உட்கார்வது கொடுமை. ஜேஇஇ எழுதியவர்களுக்கும் இதே கதை: என்.ஐ.டி.யில் சேர ரேங்க் மட்டும் போதாது, பிளஸ் டூவில் 75 சதவீதமோ, போர்டின் முதல் 20 பெர்சென்டைலோ வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 65.

ரிப்பீட்டர்கள் கவனிக்க. ஜேஇஇ மெயினுக்குத் தொடர்ந்து மூன்று வருடம், அட்வான்ஸ்டுக்கு இரண்டு தடவை என்று வரம்பு இருக்கிறது. நீட்டுக்கு வரம்பே இல்லை. கோச்சிங்காரர்களுக்கு இது வசதி.

நியூட்ரினோ ஆய்வகப் பேச்சால் நாடு முழுக்கத் தெரிந்த ஊர் பொட்டிபுரம். அந்த ஆய்வகம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை தனி. ஆனால் அதைக் கேட்டு வளர்ந்து இயற்பியல் படிக்க ஆசைப்படும் பிள்ளையை ஏன் நீட்டுக்கும் ஜேஇஇக்கும் நடுவில் நிறுத்துகிறோம்? ஐசர் கல்லூரிகளுக்கு ஐ.ஏ.டி. என்று தனித் தேர்வு உண்டு. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் சம எண்ணிக்கையில் கேள்விகள். பயோ மேத்ஸ் பிள்ளைக்குத் தைத்த சட்டை மாதிரி.

"மாறுங்கள், சீட்டுக்கு நான் பொறுப்பு" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2019 செப்டம்பரில் நீட் ஆள்மாறாட்டம் அம்பலமானது நம் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில்தான். மாணவரோடு அப்பாவும் கைதானார்.

டி.சி.யைக் கையில் வாங்கிவிட்டு இதைப் படிக்கிறவர்கள், புதுப் பள்ளியில் பணம் கட்டாமல், நாளைக் காலையிலேயே பழைய பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். திரும்பச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.