வேளாண் ஆய்வும் மேகக் கணிமையும்

கார்மேகத்தை எதிர்நோக்கி நிற்பது உழவர் இயல்பு. அவ்வுழவர் பொருட்டு ஆராயும் அறிஞரும் இந்நாளில் ஒரு மேகத்தை எதிர்நோக்கி நிற்கின்றனர். இம்மேகம் வானில் உலவுவதன்று. பெரிய கட்டடங்களில் வரிசை வரிசையாக அடுக்கப்பெற்ற கணிப்பொறிகளின் தொகுதியே அது. தொலைவில் இருப்போர் இணையத்தின் வழியாக அப்பொறிகளின் ஆற்றலை வேண்டும்போது வேண்டிய அளவு பெறுகின்றனர். வேலை முடிந்ததும் விட்டுவிடுகின்றனர். இம்முறையையே மேகக் கணிமை என்கிறோம்.

ஐரோப்பாவில் இத்தகைய கணிப்பொறி நிலையங்கள் பலவற்றை இணைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. ஈ.ஜி.ஐ. என்பது அதன் பெயர். 2010ஆம் ஆண்டில் அஃது ஆம்ஸ்டர்டாம் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பெற்றது. அதற்கு முன்னோடியாக அமைந்த கணிப்பொறி வலை, பெரும்பாலும் இயற்பியலார் தேவையை ஒட்டி எழுந்ததாகும். ஜெனீவாவுக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், அணுவினும் நுண்ணிய துகள்களை மோதவிட்டு ஆராய்வோர்க்கு, ஒரே வகைக் கணக்கைக் கோடிக்கணக்கான முறை செய்தல் வேண்டும். அவர்க்கு அமைந்த வசதியைப் பின்னர் வேளாண்மை, உணவு ஆகியவற்றை ஆராய்வோரும் பெற விரும்பினர். ஒருவர்க்கு அளந்து தைத்த சட்டை மற்றொருவர்க்குப் பொருந்துமோ? ஆதலின் முதற்கண் அளவெடுத்தல் வேண்டியதாயிற்று. பயன்படுத்துவோரை அணுகி, அவர்க்கு வேண்டுவன யாவை என வினவி எழுதும் இப்பணியைத் தேவை திரட்டல் என்பர்.

2017 முதல் 2019 வரை நடைபெற்ற 'அக்இன்ஃப்ரா பிளஸ்' என்னும் ஐரோப்பியத் திட்டத்தில் மூவகை ஆய்வாளர் இடம்பெற்றனர். மூவரும் வேளாண்மை, உணவு என்னும் ஒரே குடையின்கீழ் நிற்பவரே. எனினும், அவர் தேவைகள் ஒன்றோடொன்று ஒவ்வாதவை.

நெதர்லாந்து நாட்டின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தார், தட்பவெப்பம் மாறினால் பயிர் என்னாகும் என்பதைக் கணக்கினால் காண முயல்வோர். ஒரு கணிப்பு முறையை மட்டும் நம்பின் பிழை நேரும் ஆதலின், இத்துறையினர் பல முறைகளை ஒப்பிட்டே முடிவு கூறுவர். 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், உலக அறிஞர் பலர் கூடி 30 கோதுமைக் கணிப்பு முறைகளை ஒப்பிட்டனர். வெப்பம் 1 பாகை செல்சியசு உயருந்தோறும் உலகக் கோதுமை விளைச்சல் ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும் என்பது அவர் கண்ட முடிவு. 30 முறைகளை 30 இடங்களுக்கு, 30 ஆண்டுகளுக்குப் பொருத்திப் பார்ப்பதாகக் கொள்ளுங்கள். 27,000 கணக்குகள் ஆகிவிடும். இவர்க்கு வேண்டுவது கணிக்கும் விரைவு.

பிரான்சு நாட்டு வேளாண் ஆய்வு நிறுவனத்தாரின் நிலை வேறு. அங்கு மான்பெல்லியே நகரில், 1,600க்கு மேற்பட்ட செடிகளைத் தொட்டிகளில் வளர்த்து, ஓடும் பட்டையில் ஏற்றிப் படக்கருவியின்முன் கொண்டுவந்து, பல கோணங்களில் படமெடுக்கும் பசுமைக்குடில் ஒன்று உள்ளது. படங்கள் மலைபோல் குவிகின்றன. இவர்க்கு முதல் தேவை இடம்.

மூன்றாமவர் பெர்லின் நகரில் உள்ள செருமானிய இடர் மதிப்பீட்டு நிறுவனத்தார். உணவால் வரும் தீங்கை ஆராய்வது அவர் தொழில். அத்தொழிலின் அருமையை 2011ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று காட்டும். அவ்வாண்டு மே மாதத்தில், செருமனியின் வடபகுதியில் கொடிய குருதிக் கழிச்சல் நோய் பரவிற்று. 3,800க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 50க்கு மேற்பட்டோர் மாண்டனர். எவ்வுணவால் நோய் வந்தது? முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயின்மேல் பழி விழுந்தது. வாங்குவாரின்மையால் அந்நாட்டு உழவர் பெருநட்டமுற்றனர். வெள்ளரியோ குற்றமற்றது! நோயாளர் உண்டது என்ன, உண்ட இடம் எது, அவ்விடத்திற்குச் சரக்கு வந்த வழி எது எனத் தொடர்ந்து ஆராய்ந்த பின்னரே, ஜூன் 10ஆம் நாள், முளைகட்டிய விதைகளே காரணம் என அறிவித்தனர். எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையே அதன் மூலமாதல் கூடும் எனப் பின்னர்த் தெளிந்தனர். நம் அஞ்சறைப்பெட்டியில் உறங்கும் வெந்தயத்தின்மேல் ஐயம் கொள்வார் யார்?

இத்தகைய நாளை மனத்திற்கொண்டு பணிபுரிவோர்க்கு, ஆண்டின் பெரும்பகுதியில் சிறிய கணிப்பொறியே போதும். கேடு சூழ்ந்த சில கிழமைகளில் மட்டும் பேராற்றல் உடனே வேண்டும். அன்றியும், நோயாளர் பெயரும் வணிகர் கணக்கும் அயலார் கண்ணிற் படலாகாது. ஆகவே இவர் தேவைகளுள் காவலும் ஒன்று.

'உங்களுக்கு வேண்டுவது என்ன?' என்று நேராகக் கேட்டால் இம்மூவரும் 'பெரிய கணிப்பொறி' என்றே விடையிறுப்பர். அவ்விடையை எழுதிக்கொண்டு திரும்புவோன் ஒன்றும் அறியாதவனாவான். ஆதலின் தேர்ந்தவர், 'நேற்றுக் காலை நீங்கள் செய்த வேலை யாது? தரவு யாரிடமிருந்து வந்தது? எவ்விடத்தில் வேலை தடைப்பட்டது?' என வினவுவர். கேட்டதனை ஒரு வாக்கியமாக எழுதுதலும் உண்டு: இன்னார்க்கு, இது வேண்டும், இதன் பொருட்டு. இம்மூன்றனுள் முதலிரண்டையும் எவரும் எழுதிவிடுவர். இறுதியில் நிற்கும் 'பொருட்டு' என்பதே பெரும்பாலும் விடுபட்டுப் போகும். நான்காம் வேற்றுமைக்குரிய பொருள்களுள் ஒன்றான அதனை இலக்கண வகுப்பில் மட்டுமே மாணவர் மறப்பர் என எண்ணியிருந்தேன். கணிப்பொறி வல்லாரும் மறப்பர் போலும்!

சொல்லாலும் இடர் உண்டு. 'கார்ன்' என்பது அமெரிக்கருக்கு மக்காச்சோளம். இங்கிலாந்தில் கோதுமை முதலிய தானியங்களையும் அது குறிக்கும். இருவர் தரவையும் ஒரே மேகத்தில் கொட்டிவிட்டால் கணக்கு என்னாகும்? ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனம், 1980களின் தொடக்கத்தில் 'அக்ரோவாக்' என்னும் சொற்றொகுதியை வகுத்தது. இன்று 40க்கு மேற்பட்ட மொழிகளில் வேளாண் சொற்களை அது பொருள் வரையறுத்து வழங்குகின்றது. பொறியை மட்டும் எண்ணுவோர் இத்தகைய தேவையைக் கனவிலும் கருதார்.

தேவைகளை எழுதிய பின்னும் வேலை முடிவதில்லை. எழுதியதனை ஆய்வாளர்க்கே படித்துக் காட்டுவர்; சிறிய மாதிரி ஒன்றை அமைத்து அவர் கையிற் கொடுத்துப் பார்ப்பர். 'யான் சொன்னது இதுதான். ஆயினும் எனக்கு வேண்டுவது இதுவன்று' என்று அப்போது அவர் கூறுவதும் உண்டு. உடனே ஏட்டின் அப்பக்கத்தை அடித்துவிட்டு, முதல் வினாவிலிருந்து மீண்டும் தொடங்குவர்.