மணலே வீடு, மண்ணே உணவு: அடிமட்ட மீன் அயிரை

நீர்நிலை எதுவாயினும், அதன் அடியில் வாழும் மீன்களுக்கென்று தனிப் பழக்கங்கள் உண்டு. மேல்மட்ட மீன்கள் நீரை நம்பி வாழ்கின்றன. அடிமட்ட மீன்களோ மண்ணை நம்பி வாழ்கின்றன.

இந்துமாக் கடலின் ஆழத்தில், வெயிலே எட்டாத இருளில், மூன்று நீண்ட துடுப்புக் கதிர்களைக் கால்போல் ஊன்றிச் சேற்றின் மேல் நிற்கும் மீன் இனம் ஒன்று உண்டு. இதன் வகைகளுள் ஒன்றை 1889ஆம் ஆண்டில் ஆல்காக் என்ற ஆய்வாளர் உலகுக்கு அறிவித்தார். அதன் கண்கள் மிகச் சிறியவை. விரித்த மார்புத் துடுப்புகளால் தடவியே இரையை அறிகிறது. கடலைக் காணாத திருப்பூர் வட்டார விவசாயிகளுக்கும் இப்படித் தடவிப் பிழைக்கும் மீன் ஒன்று தெரியும். அதுதான் அயிரை.

பெயரும் உருவமும்

'அயிர்' என்றால் நுண்மணல் என்று அகராதி கூறுகிறது. அந்த மணலிலேயே வாழும் மீனுக்கு இது பொருத்தமான பெயர்தான். குறுந்தொகையின் 128ஆம் பாடலில், பறக்க இயலாத முதிய நாரை ஒன்று அயிரை இரைக்காக ஏங்குகிறது. ஆக, இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழர் அறிந்த மீன் இது.

அயிரை விரல் நீளத்திற்கு மேல் வளர்வது அரிது. உடல் மெலிந்து நீண்டிருக்கும். பழுப்பு நிறத்தில் கரும்புள்ளிகள் இருப்பதால் மணலில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. வாய் தலையின் அடிப்பக்கம் அமைந்துள்ளது. அதைச் சுற்றியுள்ள குறு மீசைகளால் மண்ணைத் துழாவி, பாசி, மட்கிய பொருள்கள், பூச்சிகளின் சிறு புழுக்கள் ஆகியவற்றைத் தின்கிறது. கண்ணுக்குக் கீழே ஒரு முள் உண்டு. ஆபத்து வந்தால் அந்த முள்ளை விறைத்து நிறுத்தும். கையில் பிடிப்பவர்களுக்குச் சுருக்கென்று குத்துவது இதுவே.

வாழும் இடம்

ஓடை, வாய்க்கால், குளம், நெல் வயல் ஆகியவற்றில் நுண்மணலும் மென்சேறும் உள்ள ஆழமற்ற இடங்களை அயிரை விரும்பும். அரவம் கேட்டால் நொடியில் மணலுக்குள் புதைந்து கொள்ளும். இந்தக் குடும்பத்து மீன்கள் பல, நீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலின் வழியாகவே சுவாசிக்கும் திறன் பெற்றவை. கெண்டை தாங்காத கலங்கல் நீரையும் அயிரை தாங்குவதற்கு இதுவே காரணம். மழைக்காலப் புதுநீர் வரும்போது இனப்பெருக்கம் செய்கிறது.

வயிற்றில் இருப்பதும் உணவே

மற்ற மீன்களைப்போல அயிரையை அறுத்துக் குடல் நீக்கிச் சமைப்பதில்லை. உயிருடன் வாங்கி, பாலிலோ தேங்காய்ப்பாலிலோ விட்டு, அது வயிற்று மண்ணைக் கக்கிய பிறகு முழுதாகக் குழம்பில் போடுவதே மதுரைப் பக்கத்து வழக்கம். முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. ஆனால் இதிலேயே ஓர் எச்சரிக்கையும் உள்ளது. பாலில் விட்டால் மணல் போகும். மீனின் சதையில் ஊறிவிட்ட நச்சுப் பொருள் போகாது. குளத்து மண் எப்படியோ, குழம்பும் அப்படியே.

நொய்யல் தந்த பாடம்

திருப்பூர் வட்டாரத்தில் இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1992ல் பாசனத்திற்காகக் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு நீரே தேங்கியது. உப்பு ஏறிய நீரால் கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறுகளும் நிலங்களும் கெட்டன. 2011ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவு நீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பின்பே பட்டறைகள் இயங்க முடிந்தது. ஆனால், ஓடும் நீர் ஒரு மழையில் தெளியலாம். அடியில் படிந்த வண்டல் அவ்வளவு எளிதில் மாறாது. அந்த வண்டலில்தான் அயிரை வாழ வேண்டும்.

விவசாயிகள் கவனத்திற்கு

திருமுருகன்பூண்டி, அவிநாசி பகுதிகளில் பண்ணைக் குட்டை வைத்திருப்போர் அயிரையை வளர்க்க விரும்பினால், முதலில் குட்டையின் அடிமண்ணைச் சோதிக்க வேண்டும். உப்பின் அளவையும் கார அமில நிலையையும் மண் பரிசோதனை நிலையத்தில் அறியலாம். கன உலோகங்களுக்குத் தனிச் சோதனை தேவை. மழைநீரை மட்டும் தேக்கிய குட்டையே உகந்தது. ஊர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் சேரும் ஓடை நீரைத் திருப்பி விடக் கூடாது. அடியில் நுண்மணல் பரப்பி, ஒரு பக்கம் ஆழம் குறைத்து விடலாம். விரால், கெளுத்தி போன்ற மீன்தின்னிகள் நுழையாமல் வலை கட்ட வேண்டும். பக்கத்து வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து மழையோடு வந்து சேராதபடி வரப்பை உயர்த்துவதும் அவசியம்.

திருமுருகன்பூண்டியைத் தொட்டு ஓடும் நல்லாற்று வடிநீர் சேரும் நஞ்சராயன் குளம் 2022ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024ல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கு வரும் நாரையும் கொக்கும் சேற்றைக் கிளறியே இரை தேடுகின்றன. மேலே ஓடும் நீரின் நிறத்தைப் பார்த்து மட்டும் திருப்தி அடையாமல், அடியில் கிடக்கும் மண்ணையும் காப்போமானால், அயிரையும் பிழைக்கும். அதை உண்ணும் பறவையும் மனிதரும் பிழைப்பார்கள்.