உஷார்! ஸ்கூலுக்கும் கடைக்கும் ஓட்ட டீசல் கார் வாங்காதீர்கள்

காலையில் பிள்ளையை ஸ்கூலில் விட வேண்டும், வரும் வழியில் காய்கறி, சாயங்காலம் டியூஷன், எப்போதாவது ஒரு கல்யாணம். கார் தேவைப்படுவது இதற்குத்தான் என்றால், பிஎஸ்-6 டீசல் காருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஷோரூமில் சொல்லும் கணக்கை மட்டும் கேட்டு வண்டி எடுத்த பலர், இரண்டு வருடம் முடிவதற்குள் ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கிறார்கள். வண்டியில் ஒரு குறையும் இருக்காது. அவர்கள் ஓட்டும் ஓட்டம்தான் அந்த வண்டிக்கு ஆகாது.

காரணம் டிபிஎஃப் (டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர்). 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதற்குப் பிறகு வந்த டீசல் கார்களில் சைலன்சருக்குப் போகும் வழியில் ஒரு வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் கக்கும் கரித்தூளை அது வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், ஓரளவு சேர்ந்ததும் எரித்துச் சாம்பலாக்கும். அந்தக் கரி எரிய கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேண்டும். தாம்பரம் தாண்டி செங்கல்பட்டு வரை ஒரே வேகத்தில் போகிற வண்டிக்கு இது தானாக நடந்துவிடும். மடிப்பாக்கத்தில் கிளம்பி, வேளச்சேரி சிக்னலில் நின்று, முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவில் தவித்து, நாலு கிலோமீட்டரில் ஆஃப் ஆகிற வண்டிக்கு எஞ்சினே முழுதாகச் சூடாகியிருக்காது. கரி எங்கே எரியும்?

எரியவில்லை என்று தெரிந்ததும் வண்டியின் கம்ப்யூட்டர் சிலிண்டருக்குள் கொஞ்சம் கூடுதல் டீசலைப் பீய்ச்சி, செயற்கையாகச் சூடேற்றிக் கரியை எரிக்கப் பார்க்கும். அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். ஐந்தாவது நிமிடத்தில் ஸ்கூல் வந்துவிடுகிறது, நாம் சாவியைத் திருகி அணைத்துவிடுகிறோம். மறுநாள் மறுபடி முதலில் இருந்து. எரியாமல் மிஞ்சிய டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் நாளாக நாளாகக் குறைவதுதான் வழக்கம். இந்த வண்டிகளிலோ மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கும். இரண்டு விரலால் தேய்த்தால் பிசுபிசுப்பு இல்லாமல் தண்ணீராக ஓடும், முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும். அந்த ஆயிலை நம்பித்தான் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் டர்போ ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எங்கள் தெருவில் ஒரு டீச்சர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். வீட்டில் இருந்து ஸ்கூல் கூப்பிடு தூரம். டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது: சின்னப் பெட்டி, உள்ளே புள்ளிகள், இரண்டு பக்கமும் குழாய். மெக்கானிக் நல்ல பையன், உண்மையைச் சொன்னான். “அக்கா, இது ரிப்பேர் இல்ல. ஞாயித்துக்கிழமை ஜிஎஸ்டி ரோட்டுல ஒரு ஓட்டு ஓட்டிட்டு வாங்க, விளக்கு தானா அணைஞ்சுடும்.” ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வீட்டு வேலை. விளக்கு அப்படியே இருந்தது. பிறகு எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்து, வண்டி நாற்பதுக்கு மேல் ஏற மறுத்தபோது, ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டித்தான் கரியை எரிக்க வேண்டியிருந்தது. அதற்கும் மசியாமல் புது வடிகட்டி போட வேண்டி வந்தால் பல கார்களில் செலவு லட்சத்தைத் தாண்டும். வாரண்டியும் பெரும்பாலும் கைகொடுக்காது. ஓட்டிய விதத்தால் அடைத்தது என்று சொல்லிவிடுவார்கள்.

ஏற்கெனவே டீசல் வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். நிற்கும்போது எஞ்சின் சத்தம் வழக்கத்தைவிட உயர்ந்திருக்கிறதா, வண்டியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் இரைகிறதா, சூடான வாடை வருகிறதா என்று கவனியுங்கள். கரி எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் அணைக்காமல் இன்னும் ஒரு ரவுண்டு போய்விட்டு வாருங்கள். மஞ்சள் விளக்கு வந்துவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலான கார்களுக்கு 60 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் விடாமல் கால் மணி முதல் இருபது நிமிடம் ஓட்டினால் போதும். உங்கள் வண்டிக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பது மேனுவலில் இருக்கும்.

ஒரே ஒரு காரியத்தை மட்டும் செய்துவிடாதீர்கள். “வடிகட்டியையே கழற்றிடலாம் சார், சாஃப்ட்வேரை மாத்திட்டா பிரச்னையே இல்ல” என்று சொல்ல ஆள் இருக்கிறது. அது சட்டவிரோதம், வாரண்டி அன்றோடு போயிற்று. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-ல் திட்டவட்டமாக அறிவித்திருக்கிறது. வடிகட்டி கழற்றிய வண்டியை ஸ்கூல் கேட்டுக்கு முன்னால் ஓடவிட்டபடி நிறுத்தினால், அந்தப் புகை போவது அங்கே வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் மூக்கு உயரத்தில்தான்.

சரி, இத்தனை ரிஸ்க்குக்கும் லாபமாவது இருக்கிறதா? 2012-ல் ஒரு கட்டத்தில் சென்னையில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. “டீசல் வாங்கு” என்று அப்பாக்களும் மாமாக்களும் சொல்லிக்கொடுத்தது அந்தக் காலத்துப் பாடம். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் நீங்கியது. இன்று வித்தியாசம் சுமார் 8 ரூபாய். தினம் 20 கிலோமீட்டர் ஓட்டினால் வருடத்துக்கு 7,300 கிலோமீட்டர். டவுனுக்குள் பெட்ரோல் கார் 14, டீசல் கார் 18 கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், டீசலால் மிச்சமாவது வருடத்துக்கு 15 ஆயிரம் ரூபாய் சொச்சம். அதே மாடலில் டீசல் வண்டிக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது காரைப் பொறுத்து ஒரு லட்சம், ஒன்றரை லட்சம். போட்ட பணம் திரும்பவே ஏழு முதல் பத்து வருடம். நடுவில் ஒரு வடிகட்டி மாற்றினால் அந்தக் கணக்கும் கந்தல். மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஹைவேயில் ஓடுகிறவர்களுக்கு டீசல் இன்றைக்கும் நல்ல வண்டி. அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

புது டீசல் வேண்டாம், டெல்லி வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்கிறீர்களா? அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை உறுதி செய்தது. 2025-ல் அந்த விதி ஒருமுறை இறுக்கப்பட்டு, சில நாளிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. இந்தப் பயத்தில் விற்ற வண்டிகள்தான் தெற்கே இறங்குகின்றன. விலையைப் பார்த்து மயங்காதீர்கள். அங்கிருந்து என்ஓசி வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்து முடிக்கும்வரை வண்டி சட்டப்படி உங்கள் கைக்கு வந்ததாகாது. புரோக்கர் சொல்லும் விலையில் அந்தச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அதைவிட, டெல்லியில் வந்த சட்டம் சென்னைக்கு வராது என்று யார் உங்களுக்கு உத்தரவாதம் கொடுத்தது?

பெட்ரோல் கார் இந்த ஓட்டத்துக்குத் தொந்தரவில்லாத வண்டி. அதில் ஒரே எச்சரிக்கை இ20. இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்கு எரிசக்தி குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். இ20-க்காக வடிவமைக்காத வண்டிகளில் 3 முதல் 6 சதவீதம் வரை குறையலாம் என்று மத்திய பெட்ரோலியத் துறையே 2025-ல் சொல்லியிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் 2023 ஏப்ரலுக்கு முந்தைய பெட்ரோல் வண்டி வாங்கினால், ஃபியூயல் ஹோஸ், ரப்பர் சீல், கேஸ்கெட் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஆகவே டேங்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் வண்டியைப் போட்டுவைக்காதீர்கள்.

அப்படியானால் எலெக்ட்ரிக்? மனசாரச் சொல்கிறேன், ஸ்கூல், கடை, ஆபீஸ் என்று டவுனுக்குள் சுற்றுகிறவர்களுக்கு மூன்றில் பொருத்தமானது அதுதான். ஆனால் சொந்த பார்க்கிங்கும் அங்கே உங்கள் மீட்டரில் இருந்து லைனும் இருந்தால் மட்டும். அப்பார்ட்மென்டில் அசோசியேஷன் எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொள்வதற்கு முன் புக் பண்ணாதீர்கள். மூன்றாவது மாடி ஜன்னலில் இருந்து ஒயரைத் தொங்கவிட்டு சார்ஜ் போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது.

இங்கேதான் நான் உண்மையாகவே பயப்படும் விஷயம் வருகிறது. காரோடு கொடுக்கும் சார்ஜரை 15 ஆம்ப் சாக்கெட்டில் செருகினால் போதும் என்பார்கள். அதே சாக்கெட்டில்தான் கீஸர் ஓடுகிறது என்று நாமும் சமாதானமாகிவிடுகிறோம். கீஸர் கால் மணியில் கட் ஆகிவிடும். கார் அந்தச் சாக்கெட்டில் இருந்து 3.3 கிலோவாட், அதாவது 14 ஆம்பியருக்கு மேல், ராத்திரி முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். 30 யூனிட் பேட்டரி காலியாக இருந்தால் நிறையப் பத்து மணி நேரம் ஆகும். சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து, ஸ்விட்சை அணைத்துவிட்டு, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால், துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தால், உள்ளே பிடிப்பு தளர்ந்துவிட்டது. அன்றே அந்தச் சாக்கெட்டை விட்டுவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்ற பேச்சே கூடாது. மீட்டர் போர்டில் இருந்து காருக்கென்றே தனி லைன், 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத காப்பர் ஒயர், தனி எம்சிபி, 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, இவை கார் வருவதற்கு முன்பே தயாராக வேண்டும்.

இன்னொன்று, உயிர் போகிற விஷயம். வீட்டில் எர்த்திங் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி சார்ஜ் ஏற்ற மறுக்கும். நம்மைக் காப்பாற்றத்தான் அது மறுக்கிறது. சில எலெக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுகிறார்கள். சார்ஜர் ஏமாந்து பச்சை காட்டும், “பாத்தீங்களா சார், சரியாயிடுச்சு” என்று போய்விடுவார்கள். என்றைக்காவது அந்த நியூட்ரல் எங்கேயாவது விட்டுப்போனால், 230 வோல்ட் நேராகக் காரின் பாடிக்கு வரும். கதவைத் திறக்கப் போகிற கை உங்களுடையதாகவும் இருக்கலாம், உங்கள் பிள்ளையுடையதாகவும் இருக்கலாம். ஆகவே எலெக்ட்ரீஷியன் வேலை செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். புதிதாக எர்த் குழி தோண்டச் சொல்லுங்கள். அந்தத் துண்டு ஒயர் ஏற்கெனவே இருந்தால் பிடுங்கச் சொல்லுங்கள்.

கரண்ட் பில்லிலும் ஏமாறாதீர்கள். தினம் 20 கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட் என்று வைத்தால், இரண்டு மாதத்தில் 200 யூனிட் சொச்சம் கூடும். 350 யூனிட்டில் இருந்த வீடு 500-ஐத் தாண்டிவிடும். தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த குறைந்த கட்டணம் போய்விடும், மேலே ஏறும் யூனிட் ஒவ்வொன்றும் உயர்ந்த ஸ்லாபில் விழும். அப்படியும் அதே தூரத்துக்குப் பெட்ரோலுக்கு ஆவதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது என்பது உண்மை. ஆனால் விளம்பரத்தில் பார்த்த பைசாக் கணக்கு உங்கள் வீட்டு மீட்டரில் வராது. காருக்குத் தனி மீட்டர் போட வழி இருக்கிறதா என்று இபி ஆபீசில் நேரில் போய்க் கேளுங்கள்.

கடைசியாக மழை. 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றது நினைவிருக்கும். எந்த எரிபொருள் ஆனாலும் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன், எலெக்ட்ரிக் என்றால் பேட்டரிக்கான ஆட்-ஆன், இரண்டில் உங்களுக்கு உரியது பாலிசியில் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். சாதாரண பாலிசியில் தண்ணீர் புகுந்த எஞ்சினுக்குப் பணம் கிடைப்பது பெரும்பாடு. தண்ணீரில் நின்ற பெட்ரோல், டீசல் வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

எலெக்ட்ரிக் கார்களின் பேட்டரிக்கு ஐபி67 என்று போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் அந்தச் சோதனை. ஸ்டில்ட் பார்க்கிங்கில் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்த வண்டிக்கு அந்த எண் பொருந்தாது. வெளியே காய்ந்து நன்றாகத்தான் தெரியும். ஆன் பண்ணாதீர்கள், சார்ஜரைச் செருகாதீர்கள். பார்க்கிங்கில் மற்ற வண்டிகளுக்குப் பக்கத்தில் விட்டுவைக்காமல், சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு டோ வண்டியை வரச் சொல்லுங்கள். இழுத்துக்கொண்டு போகலாம் என்று கயிறு கொண்டுவரும் ஆட்களையும் தடுத்துவிடுங்கள், சக்கரம் சுழன்றால் மோட்டாரில் கரண்ட் உற்பத்தியாகும். நான்கு சக்கரமும் தரையில் படாமல் மேலே தூக்கி வைத்துப் போகிற வண்டியாக அனுப்பச் சொல்லுங்கள்.